1000000007 என்ற பகா எண்ணை முழுதாக ஆராய்வது எப்படி: படிப்படியான வழிகாட்டி

நிரல் எழுதும் போட்டிகளில் கலந்துகொண்டவர்களுக்கு இந்த எண் நன்றாகப் பழக்கம். "விடையை 1000000007 ஆல் வகுத்து மீதியைத் தருக" என்ற வரி கணக்கின் கடைசியில் வந்து நிற்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் என்னோடு உட்காரும் கல்லூரி மாணவர்களும் அப்படித்தான் இதை முதலில் பார்த்தார்கள். இது பகா எண் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் "எல்லோரும் சொல்றாங்க சார்" என்பார்கள். அந்தப் பதில் போதாது என்று எனக்குத் தோன்றியதால்தான் இந்த வேலையை ஆரம்பித்தோம்.

இந்த வழிகாட்டியை முடிக்கும்போது உங்கள் நோட்டில் இவை இருக்கும்: இந்த எண் பகா எண் என்பதற்கு நீங்களே எழுதிய நிரூபணம், அதன் முதன்மை மூலம் (என்னவென்று 7-ஆம் படியில் சொல்கிறேன்), 1-ஐ அதனால் வகுத்தால் வரும் தசமத்தின் சுழற்சி நீளம், நேர்மாறுகள், வர்க்கமூலங்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இடறுவது வரிசையில்தான். எண்ணையே 2, 3, 5, 7 என்று வகுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அது பகா எண் என்று தெரிந்த பிறகு கையில் அந்த ஒரு விடை மட்டுமே இருக்கிறது. மற்ற பண்புகள் எதற்கும் அந்த வேலை உதவுவதில்லை. நான் சொல்லும் வரிசை வேறு. எண்ணை அப்புறம் தொடலாம், முதலில் அதற்கு ஒன்று குறைவான எண்ணை உடையுங்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அந்த உடைப்பிலிருந்தே கிடைத்துவிடும்.

தொடங்கும் முன் வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பத்தாம் வகுப்பில் படித்த மட்டு எண்கணிதம், பைத்தான் என்ற நிரல்மொழி ஓடும் மடிக்கணினி அல்லது ஃபோன். கட்டம் போட்ட நோட்டை வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம் என்று எழுதினால்தான் பூஜ்யங்கள் தொலையாமல் இருக்கும்.

சாதாரண கால்குலேட்டரையும் எக்செல்லையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். ஒன்பது இலக்க எண்கள் இரண்டைப் பெருக்கினால் 18 இலக்கம் வரை வரும். எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். நமக்கு வேண்டிய மீதியோ அந்தக் கடைசி இலக்கங்களை நம்பித்தான் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணிலும் இதே ஆபத்து உண்டு. 9007199254740992-ஐத் தாண்டினால் அதை நம்ப முடியாது. சி++ எழுதுபவர்கள் பெருக்கலை 64 பிட் முழு எண்ணில் செய்யுங்கள். பைத்தானின் முழு எண்ணுக்கு இந்த எல்லை கிடையாது, அதனால்தான் அதைச் சொன்னேன்.

இனிமேல் 1000000007-ஐ ப என்றும் 500000003-ஐ க என்றும் எழுதுகிறேன். ≡ என்ற குறி வரும் இடமெல்லாம், வேறாகச் சொல்லாதவரை, ப ஆல் வகுத்த மீதியைப் பற்றியது.

1. எண்ணைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்த்தல்

நூறு கோடியே ஏழு. ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவே எட்டுப் பூஜ்யங்கள், மொத்தம் பத்து இலக்கங்கள்.

இதற்கு ஒரு தனிப் படி தேவையா என்று கேட்பார்கள். கட்டாயம் தேவை. ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டால் 100000007 வரும். அதுவும் பகா எண்தான்! நிரல் "பகா எண்" என்றே சொல்லும், தவறு நடந்ததே தெரியாது. ஒரு பூஜ்யம் கூடினால் 10000000007. அது 23 × 434782609. அப்போதாவது நிரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. மூன்றுக்குமே கூட்டுத்தொகை 8. அதனால் 11 ஆல் வகுத்துப் பாருங்கள். சரியான எண்ணுக்கு மீதி 6, பூஜ்யம் விட்டுப்போன எண்ணுக்கு 8. இந்த 6-ஐ நோட்டின் மேல் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

2. நூறு கோடியை −7 ஆக மாற்றப் பழகுதல்

ப ≡ 0 என்பதால் 10⁹ ≡ −7. இந்த ஒரு வரியை வைத்தே எல்லாப் பெருக்கல்களையும் சுருக்கலாம். நீள வகுத்தலே வேண்டாம்.

முறை இது: பெரிய எண்ணை வலப்பக்கத்திலிருந்து ஒன்பது இலக்கம் எண்ணி வெட்டுங்கள். வலத் துண்டிலிருந்து இடத் துண்டின் ஏழு மடங்கைக் கழியுங்கள். விடை குறை எண்ணாக வந்தால் ப-வைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஏழெட்டு முறைக்கு மேல் போகாது.

2⁴⁰ = 1099511627776 என்பதை எடுத்துக்கொள்வோம். வெட்டினால் 1099 | 511627776. 1099 × 7 = 7693. கழித்தால் 511620083. அவ்வளவுதான், 2⁴⁰-இன் மீதி அது.

இன்னொன்று: 2³⁰ = 1073741824. வெட்டினால் 1 | 073741824; ஆக 73741824 − 7 = 73741817. வலத் துண்டின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைக் கவனியுங்கள். அது ஒன்பது இலக்கத்துக்குள் அடங்கியது. அதை விட்டுவிட்டு "எட்டு இலக்கம்தானே இருக்கிறது" என்று இடப்பக்கத்திலிருந்து ஒன்றை இழுத்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குறை எண் விஷயத்தில் இன்னொரு தவறும் நடக்கும். பைத்தானில் மீதி எப்போதும் பூஜ்யமாகவோ மிகை எண்ணாகவோ வரும். சி, ஜாவா மொழிகளில் குறை எண்ணை வகுத்தால் மீதியும் குறை எண்ணாக வரும். கழித்தல் செய்யும் ஒவ்வொரு இடத்திலும் ப-வை ஒருமுறை கூட்டிவிட்டு மீதி எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

3. இரண்டு பக்கத்து எண்களையும் உடைத்தல்

இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

கீழ்ப்பக்கம் ப − 1 = 1000000006. இரட்டை எண், ஆகவே 2 × 500000003. அதற்கு மேல் சிறிய காரணி எதுவும் அகப்படாது. 3, 7, 11, 13 என்று முயன்று பார்த்துவிட்டு க-வை அப்படியே வையுங்கள். அடுத்த படியில் அதைக் கவனிப்போம்.

மேல்பக்கம் ப + 1 = 1000000008. இதை உடைக்க ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதமே போதும். 1000000008 = 1000³ + 2³. இரண்டு கனங்களின் கூடுதல் சூத்திரத்தைப் போட்டால் (1000 + 2) × (1000000 − 2000 + 4), அதாவது 1002 × 998004. இதில் 1002 = 2 × 3 × 167. மற்றொன்று 998004 = 4 × 249501 = 4 × 3 × 83167. அப்புறம் 83167 = 7 × 11881, 11881 = 109². எல்லாவற்றையும் சேர்த்தால்:

ப + 1 = 2³ × 3² × 7 × 109² × 167

முதன்முதலில் இதைக் கையால் போட்டு 109² வந்து விழுந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. நீங்களும் நிரலிடம் கேட்காமல் கையாலேயே போடுங்கள்.

ஒரு பக்கத்து எண் ஒரே பெரிய கட்டியாக நிற்கிறது, மற்றது பொடிப்பொடியாக உதிர்கிறது. ப − 1-இன் காரணிகள்தான் அடுக்குகளின் நடத்தையைத் தீர்மானிக்கின்றன. அதனால் அதிகம் பயன்படப்போவது அதுவே. ப + 1 நேர்மாறுகளுக்கும் வர்க்கமூலங்களுக்கும் கைகொடுக்கும். இரண்டையும் நோட்டில் ஒரே பக்கத்தில், தனித்தனிக் கட்டத்துக்குள் எழுதி வையுங்கள். பின்னால் கலந்துபோகும் ஆபத்து நிறைய.

4. 500000003 பகா எண் என்று உறுதி செய்தல்

இங்கே வேறு வழியில்லை, வகுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எதுவரை? 22360² = 499969600; 22361² = 500014321. க இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. க-வுக்கு 1-உம் க-வும் அல்லாத காரணி ஏதாவது இருந்தால், அதனோடு சேரும் இன்னொரு காரணியும் இருக்கும். இரண்டில் ஒன்றாவது 22360-க்குள் இருந்தே தீரும். ஆகவே 22360 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அப்படிப்பட்டவை ஏறத்தாழ 2500 இருக்கின்றன.

எராடோஸ்தனிஸ் சல்லடையால் (ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துக்கொண்டே போகும் முறை) அந்தப் பட்டியலை எடுத்து வகுப்பது நல்லது. சல்லடை எழுதத் தெரியாவிட்டால் 2, 3-ஐச் சோதித்துவிட்டு, 6-இன் மடங்குக்கு ஒன்று முன்னும் பின்னும் உள்ள எண்களால் மட்டும் வகுக்கலாம். 3-க்கு மேற்பட்ட எல்லாப் பகா எண்களும் அந்த இரு வகைக்குள் அடங்கும். எப்படிச் செய்தாலும் கணினிக்கு ஒரு நொடி கூட ஆகாது. எதனாலும் வகுபடவில்லை என்று வரும்.

உங்கள் நிரலை முதலில் சோதித்துவிட்டு அப்புறம் நம்புங்கள். சோதனைக்கு நான் கொடுக்கும் எண்கள் மூன்று. 1000000001 = 7 × 11 × 13 × 19 × 52579. 1000000003 = 23 × 307 × 141623. மூன்றாவது 999002449, இது 31607 என்ற பகா எண்ணின் வர்க்கம். மூன்றையும் "பகு எண்" என்று நிரல் சொல்ல வேண்டும்.

பாதிப் பேரின் நிரல் மூன்றாவதில்தான் விழும். வர்க்கமூலம் வரை ஓட வேண்டிய சுழற்சி ஒன்று முன்னாலேயே நின்றுவிடும், 31607-ஐத் தொடவே தொடாது. பைத்தானில் சுழற்சியின் மேல் எல்லை உள்ளே சேராது என்பது தெரிந்தவர்களும் இந்த இடத்தில் மறந்துவிடுகிறார்கள்.

ப-வையே இப்படி 31622 வரை வகுத்துப் பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம், அதற்கு 3401 பகா எண்கள் போதும். குறுக்குச் சரிபார்ப்புக்காகச் செய்தும் பாருங்கள். ஆனால் நாற்பது இலக்க எண் வந்தால் அந்த வழி அடைந்துபோகும். அடுத்த இரண்டு படிகளில் வரும் வழி அப்போதும் திறந்திருக்கும், ப − 1-ஐ உடைக்க முடிந்தால். இரண்டு வழியிலும் செய்து ஒப்பிட முடிகிற அளவில் இருப்பதால்தான் பயிற்சிக்கு இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தேன்.

5. 2-இன் அடுக்கைப் படியேறிக் கணக்கிடுதல்

அடுத்த படியில் எழுதப்போகும் நிரூபணத்துக்கு, 2-ஐ 1000000006 தடவை பெருக்கினால் வரும் மீதி வேண்டும். நேராகப் பெருக்கக் கூடாது. முதலில் அடுக்கைப் பாதி பாதியாக்கிக் கீழே இறங்குங்கள். ஒற்றை எண் வந்தால் ஒன்றைத் தள்ளிவிட்டுப் பாதியாக்குங்கள்:

1000000006, 500000003, 250000001, 125000000, 62500000, 31250000, 15625000, 7812500, 3906250, 1953125, 976562, 488281, 244140, 122070, 61035, 30517, 15258, 7629, 3814, 1907, 953, 476, 238, 119, 59, 29, 14, 7, 3, 1.

மொத்தம் 29 படிகள். இப்போது 1-லிருந்து திரும்ப ஏறுங்கள். ஒவ்வொரு படிக்கும் கையில் உள்ள மீதியை வர்க்கமாக்க வேண்டும். ஏறும் படி ஒற்றை எண்ணாக இருந்தால் கூடுதலாக ஒரு 2-ஆல் பெருக்க வேண்டும். நூறு கோடிப் பெருக்கல் 29 வர்க்கமாகச் சுருங்கிவிட்டது.

29-ஆம் அடுக்கு வரை சுருக்கவே தேவையில்லை: 2²⁹ = 536870912. அடுத்தது 59. வர்க்கமாக்கி இரட்டித்தால் 576460752303423488. வெட்டினால் 576460752 | 303423488. இடத் துண்டின் ஏழு மடங்கு 4035225264. கழித்தால் −3731801776. ப-வை நான்கு முறை கூட்டினால் 268198252. இந்த இடத்தை எட்டிவிட்டால் உங்களுக்கு முறை பிடிபட்டுவிட்டது.

முழுவதையும் கையால் ஏற வேண்டுமா? ஒருமுறை ஏறினால் நல்லது என்பேன். எங்களோடு வரும் மாணவி ஒருவர் பறக்கும் ரயிலில் உட்கார்ந்தே நான்கு நாளில் ஏறி முடித்தார். முடியாதவர்கள் 119, 238 வரை கையால் போட்டுவிட்டு மிச்சத்தைக் கணினிக்கு விடலாம். ஒப்பிட்டுப் பார்க்க மைல்கற்கள்:

59-ஆம் அடுக்கு: 268198252
250000001-ஆம் அடுக்கு: 970143207
500000003-ஆம் அடுக்கு: 1
1000000006-ஆம் அடுக்கு: 1

கணினியில் செய்பவர்கள் பைத்தானின் பவ் (pow) செயற்கூறுக்கு மூன்று உள்ளீடுகள் கொடுங்கள்: அடிமானம், அடுக்கு, வகு எண். இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு அப்புறம் மீதி எடுத்தால், கணினி முதலில் முப்பது கோடி இலக்கங்கள் கொண்ட எண்ணை உண்டாக்கப் போராடும். மடிக்கணினி உறைந்துபோய் நிற்பதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

இன்னும் இரண்டு தவறுகள். பைத்தானில் கூரைக் குறி (^) அடுக்கைக் குறிக்காது. 2-க்கும் 10-க்கும் நடுவே அதைப் போட்டால் 1024 வராது, 8 வரும். அடுக்குக்கு இரட்டை நட்சத்திரம். அதேபோல (ப − 1)-ஐப் பாதியாக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் தசம எண் ஆகிவிடும், பவ் அதை ஏற்காது. இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

6. நிரூபணத்தை எழுதி முடித்தல்

2-இன் (ப − 1)-ஆம் அடுக்கு ≡ 1 என்று வந்ததும் "ஃபெர்மா தேற்றம் பொருந்துகிறது, ஆகவே பகா எண்" என்று எழுதி நோட்டை மூடிவிடுகிறார்கள். அது தவறு. தேற்றம் சொல்வது, பகா எண்ணாக இருந்தால் 1 வரும் என்பதே. 1 வந்தால் பகா எண் என்று அது எங்கும் சொல்லவில்லை. 341 = 11 × 31; ஆனாலும் 2³⁴⁰-ஐ 341 ஆல் வகுத்தால் மீதி 1. ஏனென்றால் 2¹⁰ = 1024 = 3 × 341 + 1.

இடைவெளியை அடைப்பது நாம் 3-ஆம் படியில் எடுத்து வைத்த க. வாதத்தை நிதானமாகப் பாருங்கள்.

ப-வின் ஏதாவது ஒரு பகாக் காரணியை ர என்று வைப்போம். 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி ர-ஆல் மீதி எடுத்தால், முதன்முதலில் 1 வரும் அடுக்கை ட என்போம். (ப − 1)-ஆம் அடுக்கில் 1 வருகிறது. ஆகவே ட, 2 × க-வை மீதியின்றி வகுக்கும். க பகா எண் என்பதால் இரண்டே சாத்தியங்கள். க-வால் ட வகுபடவில்லை என்றால் ட 1 அல்லது 2. அப்போது 2² − 1 = 3 என்பது ர-ஆல் வகுபட வேண்டும், அதாவது ர = 3. ஆனால் ப-வின் இலக்கக் கூடுதல் 8, அது 3-ஆல் வகுபடாது. ஆகவே இந்தச் சாத்தியம் இல்லை. எனவே ட, க-வால் வகுபடும். அதே நேரத்தில் ஃபெர்மா தேற்றத்தை ர-க்குப் போட்டால் ட, ர − 1-ஐ வகுக்கும். ஆக, ர குறைந்தது 500000004.

ப-வின் எந்தப் பகாக் காரணியும் ஐம்பது கோடிக்கு மேல்தான் இருக்க முடியும் என்று ஆகிவிட்டது. பகு எண்ணாக இருந்தால் 31622-க்குள் ஒரு காரணி இருந்தே தீர வேண்டும். அது இல்லை. ப பகா எண்.

இது பாக்லிங்டன் சோதனையின் ஒரு வடிவம். 3-ஐச் சரிபார்க்கும் வரியை விட்டுவிடாதீர்கள். சிறிய வரிதான், அது இல்லாமல் நிரூபணம் நிற்காது.

7. முதன்மை மூலம் கண்டுபிடித்தல்

ஓர் எண்ணின் அடுக்குகளை எடுத்துக்கொண்டே போனால் 1 முதல் ப − 1 வரை எல்லா மீதிகளும் கிடைத்துவிட்டால் அது முதன்மை மூலம். நூறு கோடி அடுக்குகளை ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. ப − 1 = 2 × க என்பதால், எந்த எண்ணின் சுழற்சி நீளமும் (முதன்முதலில் மீதி 1 வரும் அடுக்கு) 1, 2, க, 2 × க ஆகிய நான்கில் ஒன்றுதான். நீளம் 1 என்பது எண் 1-க்கு. நீளம் 2 என்பது −1-க்கு. மற்ற எல்லாவற்றுக்கும் க அல்லது 2க. ஆகவே ஒரே சோதனை: எண்ணின் க-ஆம் அடுக்கு 1-ஆ, −1-ஆ? −1 என்றால் அது முதன்மை மூலம்.

2-க்கு 1 வந்ததை முன்பே பார்த்தோம். 3-க்கும் 1 வரும். 4, 2-இன் வர்க்கம், அதற்கும் 1. 5-க்கு −1. ஆகவே மிகச் சிறிய முதன்மை மூலம் 5.

எல்லா முதன்மை மூலங்களும் எத்தனை? க-ஆம் அடுக்கு −1 தரும் எண்கள் சரிபாதி, அதாவது 500000003. அதில் −1-ஐ மட்டும் நீக்கினால் 500000002.

இங்கே வரும் பிழை ஒன்று. "(ப − 1)-ஆம் அடுக்கு 1 வந்தது, ஆகவே முதன்மை மூலம்" என்று எழுதுவார்கள். அது 1 முதல் ப − 1 வரை எல்லா எண்ணுக்கும் வரும். பார்க்க வேண்டியது க-ஆம் அடுக்கை.

8. 1-ஐ ப-வால் வகுத்தால் வரும் தசமம்

10 = 2 × 5. க-ஆம் அடுக்கில் 2 தருவது 1, 5 தருவது −1. பெருக்கினால் 10 தருவது −1. ஆக 10-ம் முதன்மை மூலம். தசம விரிவின் சுழற்சி நீளம் 10-இன் சுழற்சி நீளம்தான். எனவே 1-ஐ ப-வால் வகுத்தால் சுழல் பகுதியின் நீளம் 1000000006 இலக்கங்கள். அதைவிட நீளமாக இருக்கவே முடியாது.

ஆரம்பத்தை ஒன்பது ஒன்பது இலக்கமாகப் பிரித்து எழுதினால்:

0.000000000 999999993 000000048 999999657 000002400 …

1, −7, 49, −343, 2401 என்று 7-இன் அடுக்குகள் கடன் வாங்கிக்கொண்டு நிற்பது தெரிகிறதா? 10⁹ ≡ −7 இங்கேயும் வந்துவிட்டது.

முதல் பாதியில் எந்த இடத்து இலக்கத்தை எடுத்தாலும், அதிலிருந்து 500000003 இடம் தள்ளி உள்ள இலக்கத்தோடு கூட்டினால் 9 வரும். 10-இன் க-ஆம் அடுக்கு −1 என்பதுதான் காரணம். பக்கத்துக்கு 2000 இலக்கம் எழுதினாலும் முழுச் சுழற்சிக்கு ஐந்து லட்சம் பக்கம் வேண்டும். ஒரு வரி கூட எழுதாமல் அதன் நீளத்தை நாம் நிரூபித்துவிட்டோம்.

9. நேர்மாறுகள்

ஓர் எண்ணோடு எதைப் பெருக்கினால் மீதி 1 வருமோ அது அந்த எண்ணின் நேர்மாறு. ப + 1 ≡ 1. ஆகவே ப + 1-ஐ மீதியின்றி வகுக்கும் எந்த எண்ணுக்கும் நேர்மாறு, அந்த வகுத்தலின் ஈவே. 2-க்கு 500000004. 3-க்கு 333333336. 7-க்கு 142857144. 9-க்கு 111111112. பெருக்கிப் பாருங்கள், எல்லாமே 1000000008 தரும்.

5 அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு 2ப + 1 = 2000000015-ஐ எடுத்தால் 5-ஆல் வகுபடுகிறது; நேர்மாறு 400000003. மற்ற எண்களுக்கு (ப − 2)-ஆம் அடுக்கை ஏறிக் கணக்கிடலாம்.

500000003-ஐயும் 500000004-ஐயும் குழப்பாதீர்கள். முதலாவது ப − 1-இன் பாதி, அடுக்காகப் பயன்படுவது. இரண்டாவது 2-இன் நேர்மாறு, பெருக்கப் பயன்படுவது. ஒருவரின் நிரலில் இந்த ஒரு இலக்கத்தைத் தேடி நாங்கள் ஒரு மாலை முழுவதையும் செலவழித்தோம். 3-ஆம் படியில் தனித்தனிக் கட்டம் போடச் சொன்னது இதற்காகத்தான்.

10. வர்க்கமூலம்

இங்கே வர்க்கமூலம் என்பது, வர்க்கமாக்கி ப-வால் வகுத்தால் கொடுத்த எண்ணையே மீதியாகத் தரும் எண். முதலில் வர்க்கமூலம் உண்டா என்று பாருங்கள். க-ஆம் அடுக்கு 1 என்றால் உண்டு, −1 என்றால் இல்லை. 2-க்கு உண்டு, 5-க்கு இல்லை.

ப-வை 4-ஆல் வகுத்தால் மீதி 3. அதனால் ப + 1, 4-ஆல் வகுபடும். எண்ணின் 250000002-ஆம் அடுக்கே வர்க்கமூலம். அதை வர்க்கமாக்கினால் 500000004-ஆம் அடுக்கு, அதாவது க-ஆம் அடுக்கோடு இன்னொரு முறை அந்த எண். க-ஆம் அடுக்கு 1 என்பதால் எண்ணே மிஞ்சுகிறது.

2-க்குப் போடுவோம். 5-ஆம் படியில் 250000001-ஆம் அடுக்கு 970143207 என்று வந்தது. இரட்டித்து ப-வைக் கழித்தால் 940286407. இது ஒரு மூலம். ப-விலிருந்து இதைக் கழித்தால் மற்றது: 59713600.

சிறியதைக் கையால் சரிபார்க்கலாம். 59713600² = 3565714024960000. வெட்டினால் 3565714 | 024960000. ஏழு மடங்கு 24959998. கழித்தால் 2. கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டும்போது கடைசியில் அந்த 2 மட்டும் மிஞ்சுவதைப் பார்த்து அறையே ஒரு கணம் அமைதியாகும்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வர்க்கமூலம் இல்லாத எண்ணைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு விடையைத் தரும். 5-ஐக் கொடுத்தால் வரும் விடையின் வர்க்கம் −5. விடையை வர்க்கமாக்கிப் பார்க்காமல் எழுதக் கூடாது. √5 வைத்து எழுதும் ஃபிபொனாச்சி சூத்திரத்தை இந்த மட்டில் நேரடியாகப் போட முயன்றவர்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டியிருக்கிறார்கள். அதற்கு அணி அடுக்கு முறையைப் பயன்படுத்துங்கள்.

11. நோட்டை இன்னொருவரிடம் கொடுத்தல்

கடைசிப் பக்கத்தில் இவற்றை மட்டும் எழுதுங்கள்: ப, ப − 1-இன் காரணிகள், க-வை எதுவரை வகுத்தீர்கள், 2-இன் ப − 1-ஆம் அடுக்கு, 3-ஆல் ப வகுபடாத வரி. இவ்வளவு இருந்தால் உங்களைத் தெரியாத ஒருவர் கூட உங்கள் நிரூபணத்தைத் திரும்பச் செய்து பார்க்கலாம். நடுவில் போட்ட வர்க்கங்களை அவருக்குக் காட்ட வேண்டாம், அவரே ஏறட்டும். உங்கள் தவறை அவரும் பார்த்து எழுதிவிடக் கூடாது.

அவர் சரி என்று சொன்ன பிறகு 1000000009-ஐ எடுங்கள். அதுவும் பகா எண், நம் எண்ணிலிருந்து 2 மட்டுமே தள்ளி நிற்கும் இரட்டைப் பிறவி. அதற்கு ஒன்று குறைவான எண் எது என்று பாருங்கள்: 1000000008. நீங்கள் ஏற்கெனவே உடைத்து வைத்திருக்கிறீர்கள். இந்த முறை 2, 3, 7, 109, 167 ஐந்துக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. அடிமானமாக 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 5-க்கு வர்க்கமூலம் இருக்கிறது. ஆனால் எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 10-ஆம் படியின் சூத்திரம் பலிக்காது.